பழைய ஜிஎஸ்750: ஸ்டார்ட்டர் கிளட்சில் சத்தம் வருவது ஏன்?

கேள்வி: 1978ஆம் ஆண்டு சுசுகி ஜிஎஸ்750 மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சினை முழுவதும் பிரித்துச் சீரமைத்திருக்கிறேன். ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தும்போது சில வேளைகளில் மோட்டார் மட்டும் ‘வீர்ர்’ என்று சுற்றுகிறது, எஞ்சின் திரும்புவதில்லை. வேறு சில வேளைகளில் ‘டங்’ என்று இரும்பு மோதுவதுபோல் ஒரு சத்தம் கேட்கிறது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் இடப்பக்கத்தில் மெல்லிய கடகடப்பு இருக்கிறது. பட்டறையில் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– ஈசூன் வாசகர்

பதில்: மோட்டாரை மாற்ற வேண்டாம். அது வேகமாகச் சுற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கோளாறு மோட்டாரில் இல்லை, அதன் சுழற்சியை எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் தண்டுக்குக் கொண்டுபோகும் ஸ்டார்ட்டர் கிளட்சில் இருக்கிறது. அதற்கும் முன்பாக, அந்தக் கிளட்சை அடித்து நொறுக்குவது எது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு உருளைகளை மட்டும் மாற்றினால், அதே சத்தம் மறுபடியும் வரும்.

இந்த வண்டியில் ஸ்டார்ட்டர் கிளட்ச், இடப்பக்க மூடிக்குள், ஆல்டர்னேட்டரின் (மின்னாக்கி) சுழலும் பகுதியான ரோட்டாரின் பின்புறத்தில் மூன்று அலன் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்குள் மூன்று உருளைகளும், ஒவ்வொன்றையும் தள்ளிப் பிடிக்கும் சிறு ஸ்பிரிங்கும் அதன் தொப்பியும் இருக்கின்றன. ஸ்டார்ட்டர் பல்சக்கரம் சுற்றும்போது உருளைகள் சரிவான இடுக்கில் ஏறி இறுகிக்கொள்கின்றன; எஞ்சின் அதைவிட வேகமாக ஓடத் தொடங்கியதும் தளர்ந்து விடுகின்றன. உருளையில் தட்டையான தேய்மானம் இருந்தாலோ, ஸ்பிரிங் ஒடிந்திருந்தாலோ, பிடிப்பு வழுக்கும். உங்கள் ‘வீர்ர்’ சத்தம் அதுதான்.

‘டங்’ சத்தத்தை நான் அதிகக் கவனத்தோடு பார்ப்பேன். எஞ்சினைச் சுற்றும்போது தீப்பொறி மிக முன்னதாக விழுந்தால், பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் எரிபொருள் வெடித்துக் கிராங்க் தண்டைப் பின்னோக்கி உதைக்கும். கிராங்க் பின்னோக்கித் திரும்பும்போது உருளைகள் தளர்வதில்லை, இன்னும் பலமாக இறுகுகின்றன. எஞ்சினின் உதை முழுவதும் அந்த மூன்று உருளைகள் மீதும் மூன்று போல்ட்டுகள் மீதும் இறங்குகிறது. சீரமைத்த எஞ்சினில் இது நேர்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, தீப்பொறியை உண்டாக்கும் பாயிண்டுகள் அமர்ந்துள்ள தட்டைத் திரும்பப் பொருத்தும்போது தீப்பொறி நேரம் தவறியிருக்கலாம், அல்லது அதன் பின்னால் உள்ள, வேகம் கூடும்போது தீப்பொறியை முன்னதாக விழச் செய்யும் அட்வான்சரின் எடைகள் துருவிலோ காய்ந்த கிரீசிலோ சிக்கி, மூடாமல் நின்றிருக்கலாம். இன்னொன்று, பலவீனமான பேட்டரி. நம் ஊரில் இத்தகைய வண்டிகள் வாகன நிறுத்துமிடத்திலேயே வாரக்கணக்கில் நிற்பதால், இது அடிக்கடி காணும் குறை. முழுதாக மின்னேற்றிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். பொத்தானை அழுத்தும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், எஞ்சின் தயங்கித் தயங்கிச் சுற்றும், அந்தத் தயக்கத்தில்தான் உதை எளிதாக விழுகிறது. இந்த வண்டியில் காலால் மிதித்துக் கிளப்பும் கிக் ஸ்டார்ட்டரும் இருக்கிறது. அதை மிதிக்கும்போது திரும்பி உதைத்தால், தீப்பொறி நேரமே தவறு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். தடித்த காலணி இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

கடகடப்புக்கு வருவோம். எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது கிளட்ச் லீவரை இழுத்துப் பாருங்கள். சத்தம் மாறினால் அது கியர் மாற்றப் பயன்படும் வலப்பக்கத்துப் பெரிய கிளட்சிலிருந்து வருகிறது. கார்புரேட்டர்கள் ஒத்திசையாமல் இருந்தாலும் அது பலமாகக் கேட்கும். மாறாமல் இருந்து, நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை இடப்பக்க மூடியில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கும்போது தெளிவாக ஒலித்தால், அந்த மூன்று போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும். இந்த வகை எஞ்சின்களில் நன்கு அறியப்பட்ட பலவீனம் இது. சந்தேகம் தீரும்வரை வண்டியை ஓட்டாதீர்கள்; அறுந்த போல்ட் தலை ஒன்று உள்ளே சுழன்றால், ஆல்டர்னேட்டர் சுருளே போய்விடும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மூடியைத் திறவுங்கள். கொஞ்சம் எண்ணெய் வடியும், கீழே தட்டு வையுங்கள். ரோட்டாருக்குப் பின்னால் உள்ள பல்சக்கரத்தை விரலால் திருப்பினால், ஒரு திசையில் தடையின்றிச் சுற்றவும் மறு திசையில் உடனே கிராங்கைப் பிடிக்கவும் வேண்டும். தாமதமாகவோ விட்டுவிட்டோ பிடித்தால், ரோட்டாரை அதற்குரிய புல்லரால் (இழுத்துக் கழற்றும் கருவி) கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டுவதை அனுமதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் காந்தங்கள் விரிசல் விடும். உருளைகள், ஸ்பிரிங்குகள், தொப்பிகள் மூன்றையும் ஒருசேர மாற்றுங்கள். பல்சக்கரத்தில் உருளை உரசும் கழுத்துப் பகுதியில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், அதையும் மாற்றியே ஆக வேண்டும். விலை குறைந்த நகல் உருளைகளை நான் பரிந்துரைப்பதில்லை. ஜப்பானிலிருந்து அசல் பாகம் வரும்வரை காத்திருப்பது நல்லது.

போல்ட்டுகளைப் புதியதாக, அதே நீளத்தில் வாங்குங்கள். துளைகளில் பழைய பசையும் எண்ணெயும் துளிகூட இல்லாமல் துடைத்து, அதிகப் பிடிப்புள்ள திருகுப் பசை இட்டு, பணிமனைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பானரால் (இறுக்க விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் இட்ட பசை பிடிக்காது. சீரமைத்த எஞ்சினில் போல்ட் மீண்டும் தளர்வதற்கு இந்த அவசரமே பல நேரம் காரணம். ரோட்டார் அமரும் கூம்பு முனையும் உலர்ந்திருக்க வேண்டும்.

எஞ்சின் எண்ணெயையும் பாருங்கள். புட்டியில் ஜாசோ எம்ஏ (மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கான ஜப்பானியத் தரக் குறி) என்று இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் எம்பி வகையோ, எரிபொருள் சேமிப்புக்கான கார் எண்ணெயோ ஊற்றியிருந்தால், புதிய உருளைகளும் வழுக்கக்கூடும்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, பொத்தானைத் தொடுவதற்கு முன் அட்வான்சரைக் கையால் திருகி விட்டுப் பாருங்கள். அது தானாகத் திரும்பி மூட வேண்டும். தீப்பொறி விழ வேண்டிய இடத்தைக் காட்டும் எஃப் குறியில் தீப்பொறி நேரத்தைச் சரிபார்த்து, பேட்டரியை முழுதாக மின்னேற்றிய பின்னரே முதல் முறை அழுத்துங்கள்.