பாட்டு டீச்சருக்கே பாட்டு கேட்கப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பது இரண்டே வரி. பள்ளி, வீடு, ஆன்லைன் என்று வாரம் முழுக்க வகுப்பு எடுக்கிறீர்கள், வாரக் கடைசியில் யாராவது பாடினாலே எரிச்சல் வருகிறது, இது சோம்பேறித்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு வந்த பதில்களில் பாதி "சங்கீதமே மருந்துதானே, உங்களுக்கு என்ன ஸ்ட்ரெஸ்" என்கிற ரகம். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அப்படி எழுதியவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஹால் நிறையப் பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதியில் ஜண்டை வரிசை என்கிற ஆரம்பப் பயிற்சியைப் பாடுவதை ஒரு தடவை முழுசாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்.

நான் மும்பையில், செம்பூரில் கர்னாடக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். முலுண்டில் ஒரு பள்ளியில் பகுதிநேர மியூசிக் டீச்சர் வேலையும் உண்டு. உங்கள் ஊர் எது என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் ஜனவரியில் இந்தக் கேள்வி வந்திருப்பதால் உங்கள் நிலைமையும் என் நிலைமைதான் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் தியாகராஜ ஆராதனைக்குப் பஞ்சரத்னம் (ஐந்து ராகங்களில் அவருடைய ஐந்து கீர்த்தனைகள்) ஒத்திகை, இன்னொரு பக்கம் பள்ளியில் 26-ஆம் தேதிக்குத் தேசபக்திப் பாட்டு, நடுவில் அமெரிக்காவிலிருந்து ஆன்லைனில் கற்றுக்கொள்ளும் நியூஜெர்ஸிக் குழந்தைகள். அவர்களுடைய ராத்திரி எட்டு மணி நமக்குக் கோடையில் விடிகாலை 5:30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் அதே வகுப்பு 6:30 ஆகிவிடும். நல்லதுதானே, கூட ஒரு மணி நேரம் தூங்கலாமே என்பார்கள். அதை முடித்துவிட்டு ஹார்பர் லைன் ரயில் பிடித்து, குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி, முலுண்டுக்கு ஸ்லோ லோக்கல் பிடிப்பது யார்? பள்ளிக்குப் போனால் கணக்கு டீச்சர் லீவு, மியூசிக் மிஸ் சும்மாதானே இருக்கிறார், ப்ராக்ஸி பீரியடுக்கு அனுப்புங்கள் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குக் கிளம்பினால் மெகா பிளாக், தண்டவாள வேலை என்று ரயில்களை நிறுத்திவிடுவார்கள்.

இதெல்லாம் உடம்பு அலுப்பு, தூங்கினால் போய்விடும். நீங்கள் சொல்வது அது இல்லை. என் அனுபவத்தில் களைத்துப்போவது காது. மற்ற வேலை பார்ப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டாவது கொஞ்சம் ஓய்வெடுக்கலாம், நமக்கு அந்த வசதி கிடையாது. சின்னப் பெண்கள் ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்றால் சுருதியின் உயரம்) பாடுவார்கள், அடுத்த வகுப்பில் குரல் உடைகிற வயசுப் பையன் போன மாசம் எட்டிய மேல் ஸ்தாயி ஷட்ஜம் இந்த மாசம் எட்டாமல் முழிப்பான், அவனுக்கு இரண்டு கட்டையில் ஆரம்பித்து இறக்கி இறக்கிப் பார்க்கவேண்டும். நாள் முழுக்க இப்படி ஸா, அதாவது ஆதாரமான ஷட்ஜம், இடம் மாறிக்கொண்டே இருந்தால் சாயங்காலம் நம்முடைய ஸா எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது.

ஆன்லைன் இன்னும் மோசம். சத்தம் போய்ச் சேரத் தாமதம் ஆவதால் சேர்ந்து பாடவே முடியாது. நான் ஒரு வரி, குழந்தை ஒரு வரி, மறுபடி நான். போதாததற்கு, ஜூம் அந்தப் பக்கத்துத் தம்பூராவை ஃபேன் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். சுருதியே இல்லாமல் அந்தரத்தில் ஒரு குரல் வரும், அது சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று நான் மனசுக்குள் தம்பூரா போட்டுக் கேட்கவேண்டும். (ஜூம் செட்டிங்ஸில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒன்று இருக்கிறது, இரண்டு பக்கமும் அதைப் போடச் சொல்லுங்கள். பாதித் தலைவலி குறையும். பெற்றோரிடம் ஒவ்வொரு வாரமும் சொல்லவேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.)

காது என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் தெருவில் பழைய கட்டடங்களெல்லாம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகின்றன. காலையிலிருந்து இடிக்கிற சத்தம், துளைபோடுகிற சத்தம், ஜன்னல் திறந்தால் தூசி, தொண்டைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எங்கள் கட்டடமும் போகப்போகிறது என்று வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், "மியூசிக் கிளாஸா? சொசைட்டியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று புரோக்கர் கதவு திறப்பதற்கு முன்பே சொல்கிறார். பாறையைக் குடைகிற மிஷினுக்கு அனுமதி உண்டு, நாலு குழந்தைகள் கீதம் பாடினால் தொந்தரவு! பிள்ளையை நம்மிடம் பாட்டுக்கு அனுப்புகிறவர்களே நாம் பக்கத்து ஃபிளாட்டுக்கு வருகிறோம் என்றால் யோசிக்கிறார்கள். சரி, விடுங்கள்.

"கச்சேரிக்குப் போங்கள், மனசு லேசாகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த மாதிரி வாரத்தில் போகாதீர்கள். ஷண்முகானந்தா ஹாலில் யார் பாடினாலும் நான் தாளம் எண்ணிக்கொண்டும் அடுத்த வகுப்புக்கு எதை எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டும் இருப்பேன், அதுவும் வேலைதான். சங்கீதத்தை அவமதிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், என் குருவிடம் அடி வாங்கிக் கற்றுக்கொண்டவள்தான் நானும். நான் செய்வது வேறு: புதன்கிழமை சாயங்காலம் வகுப்பு வைப்பதில்லை. அன்றைக்கு வீட்டில் டிவி, மொபைல், அடுப்படியில் எஃப்எம் எதுவும் கிடையாது. மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்கி வருவேன். சாதகம், அதாவது சொந்தப் பாட்டுப் பயிற்சிகூடச் செய்வதில்லை, சொன்னால் பெரியவர்கள் திட்டுவார்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் நேரில் பாடிக்காட்டவேண்டியதில்லை. வராளி ராகத்தைக் குரு நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் சிஷ்யரோடு மனஸ்தாபம் வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டல்லவா, அதைச் சாக்காக வைத்து பஞ்சரத்னத்தில் வராளிக் கீர்த்தனையை மட்டும் மெதுவாகப் பாடி ரெக்கார்ட் செய்து குரூப்பில் போட்டுவிட்டேன். அதைக் கேட்டே எல்லோரும் பாடம் பண்ணிவிட்டார்கள். இப்போது ஆரபி ராகக் கீர்த்தனையும் அப்படித்தான் போகிறது, அதற்கு எந்தச் சாபமும் இல்லை என்றாலும்.

குரல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்தால் கஷாயத்தோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது பாட்டுப் பிரச்சனை மட்டுமில்லை. அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, இலவசம்தான், கூப்பிட்டுப் பேசுங்கள்.

பிப்ரவரியில் மூச்சு விடலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். பரீட்சை என்று பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், வராத மாசத்துக்கு ஃபீஸ் எதற்கு மாமி என்பார்கள். இந்த வாரமே பேசி ஃபீஸை வாங்கிவிடுங்கள்.