'தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பெட்ஸ்' படத்தை ஆறு வயதுக் குழந்தைக்குக் காட்டலாமா?

தாராளமாகக் காட்டலாம். முதல் தடவை மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. 2016இல் இல்லுமினேஷன் நிறுவனத் தயாரிப்பாக வந்த இந்த அனிமேஷன் படத்தை அதே வயதுள்ள என் அக்கா மகளோடு உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நியூயார்க்கில் கேட்டி என்ற பெண்ணின் ஒரே செல்லமாக இருக்கும் மேக்ஸ் என்ற சிறிய நாய்க்கும், அவள் காப்பகத்திலிருந்து அழைத்துவரும் டியூக் என்ற பெரிய சடை நாய்க்கும் ஒத்துப்போவதில்லை. அந்தச் சண்டையிலேயே இரண்டும் வழி தவறி, தெருப்பூனைகளிடம் கழுத்துப் பட்டைகளைப் பறிகொடுத்து, நாய் பிடிக்கும் வண்டியில் சிக்கிக்கொள்கின்றன. பட்டை போய்விட்டால் வீட்டு நாயும் தெருநாய்தான் என்பதை அங்கே உணர்த்திவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், துரத்தல்களைவிட, மனிதர்கள் வேலைக்குப் போனபின் பூட்டிய வீடுகளில் நடப்பவைதான் படத்தின் உயிர். எஜமானர் சாஸ்திரிய இசையை ஓடவிட்டுக் கிளம்பியதும் ஒய்யாரமான பூடில் நாய் அதை மாற்றிக் காதைப் பிளக்கும் ஹெவி மெட்டலுக்குத் தலையை ஆட்டுகிறது. இன்னொரு வீட்டில் குட்டைக்கால் நாய் ஒன்று சமையலறை மிக்சரின் அடியில் படுத்து முதுகைப் பிடித்துவிட்டுக்கொள்கிறது. குளோயி என்ற குண்டுப் பூனை ஃபிரிட்ஜில் இருக்கும் முழுக் கோழியோடு நடத்தும் மனப் போராட்டத்துக்கு எங்கள் வீட்டில் பெரியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

சாக்கடையில் கூட்டம் சேர்த்து மனிதர்களைப் பழிவாங்கத் துடிக்கும் ஸ்னோபால் என்ற வெள்ளை முயலுக்குக் கெவின் ஹார்ட் குரல் கொடுத்திருக்கிறார். பஞ்சு உருண்டை போன்ற உருவத்திலிருந்து வரும் அந்த ஆவேசம் குழந்தைகளுக்கு நன்றாகவே பிடிக்கிறது.

டியூக்கின் பழைய எஜமானர் ஃபிரெட் இறந்துவிட்டார் என்று தெரியவரும் இடத்தைத்தான் அவசரமாகக் கடந்துவிட்டார்கள். நாய் கலங்கி நிற்பதைக் குழந்தை உள்வாங்கும் முன்பே அடுத்த ஓட்டம் தொடங்கிவிடுகிறது. ஃபிரெட் எங்கே போனார் என்ற கேள்வி வந்தால் பதில் சொல்ல நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

பயமுறுத்தக்கூடியவை இரண்டு: சாக்கடையில் வரும் பெரிய பாம்பும், முடிவுக்கு அருகே டியூக் அடைபட்டிருக்கும் வண்டி பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து மூழ்குவதும். பாம்பு வரும் பகுதியைத் தள்ளிவிட்டாலும் கதை புரியும்; ஆற்றுக் காட்சியைத் தள்ளாதீர்கள், ஏனெனில் மேக்ஸ் டியூக்கைக் காப்பாற்றப் போராடுவது அங்கேதான்.