கேள்வி-பதில்: ஸ்பீக்கர் ஒயருக்கு மீட்டருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஆம்ப்ளிஃபயரிலிருந்து (ஆம்ப்) ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 5 மீட்டர். 8 ஓம் ஸ்பீக்கர். மீட்டர் 1,800 ரூபாய் கேபிள் போடாவிட்டால் "பேஸ் (தாழ்ந்த ஒலி) இறங்காது" என்கிறார் கடைக்காரர். உண்மையா? – வாசகர், கோவை

இல்லை. எலக்ட்ரிகல் கடையில் ரெண்டரை ஸ்கொயர் (2.5 சதுர மி.மீ. கனம்) காப்பர், பல இழை ஒயர் என்று கேளுங்கள். அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.008 ஓம். போக 5, வர 5 என்று 10 மீட்டருக்கு 0.08 ஓம். 8 ஓமில் இது நூற்றில் ஒரு பங்கு. சத்தம் குறைவது 0.1 டெசிபலுக்கும் கீழே. எந்தக் காதும் அதைப் பிடிக்காது. ஒன்றரை ஸ்கொயர் போட்டால்கூட 0.13 ஓம்தான்.

போக வரச் சேர்த்து ஒயரின் தடை, ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். 4 ஓம் ஸ்பீக்கர், 15 மீட்டர் தூரம் என்றால் ரெண்டரை ஸ்கொயர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அப்போது 4 ஸ்கொயர். மிச்சப் பணத்தில், ஒயர் முனையில் மாட்டும் பனானா பிளக் நாலு ஜோடி வாங்குங்கள். வெறும் ஒயராக மாட்டுவதானால் 10 மி.மீ. மட்டும் உரித்து இழைகளை இறுக்கி முறுக்குங்கள். சிவப்பு முனையிலிருந்து தப்பிய ஒரே ஒரு இழை கறுப்பைத் தொட்டாலும் ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டருக்கு ஆபத்து.

ஒரு ஸ்பீக்கர் 2 மீட்டரில், மற்றது 6 மீட்டரில். இரண்டு ஒயரும் ஒரே நீளம் இருக்க வேண்டுமாமே? – வாசகி, திருச்சி

வேண்டாம். 4 மீட்டர் கூடுதல் ஒயரில் சிக்னல் பிந்துவது நொடியில் கிட்டத்தட்ட ஐந்து கோடியில் ஒரு பங்கு. நீங்கள் தலையை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் ஆகும் தாமதம் அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்.

38,000 ரூபாய்க்குப் பவர் கேபிள் வாங்கினேன். மாற்றம் எதுவும் தெரியவில்லை. 200 மணி நேரம் ஓடினால்தான் "பழகும்" என்கிறார்கள். காத்திருக்கலாமா? – வாசகர், சென்னை

கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாம், வாங்கிவிட்டுக் கேட்கிறீர்கள். பில்லில் திருப்பித்தர எத்தனை நாள் கெடு என்று முதலில் பாருங்கள். ஏழு நாளோ பத்து நாளோ இருக்கும். தினம் 4 மணி நேரம் பாட்டுக் கேட்டால் 200 மணி நேரத்துக்கு 50 நாள் ஆகும். கெடு முடிந்து ஒன்றரை மாதம் கழித்துத்தான் கேபிள் பழகும் என்றால், பழக வேண்டியது யார் என்று புரிகிறதா? டிரான்ஸ்பார்மரிலிருந்து தெருவெல்லாம் அலுமினியக் கம்பி, சுவருக்குள் வீடு கட்டியவர் போட்ட சாதா ஒயர். இத்தனையும் தாண்டி வந்த கரண்டைக் கடைசி ஒன்றரை மீட்டர் கேபிள் என்ன செய்துவிடும்? இன்றே திருப்பிக் கொடுங்கள்.

2 மீட்டர் எச்டிஎம்ஐ: 400 ரூபாயா, 9,000 ரூபாயா?

400.

"ரெண்டரை ஸ்கொயர், ஓஎஃப்சி (ஆக்சிஜன் நீக்கிய) காப்பர்" என்று 30 மீட்டர் ரோல் வாங்கினேன். ஒயர் மேலேயும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. ஆறே மாதத்தில் ஸ்பீக்கர் முனையில் இழைகள் பொடிப்பொடியாக உடைகின்றன. உள்ளே வெள்ளையாக இருக்கிறது. கடைக்காரர் "எல்லாமே இப்படித்தான் வருது" என்கிறார். – வாசகர், மதுரை

உங்கள் மேல் தப்பில்லை. அச்சடித்ததை நம்பாமல் பின்னே எதை நம்புவது? உங்களுக்கு வந்தது அலுமினியக் கம்பி மேல் காப்பர் தோல் போர்த்தியது. சிசிஏ என்பார்கள். அதே கனத்துக்குக் காப்பரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் தடை. வளைத்து வளைத்து மாட்டும் இடத்தில் ஒடியும். திருகுக்குக் கீழே நசுங்கி நாளாக நாளாகப் பிடி தளரும். சிசிஏ என்றே சொல்லி, அதற்கான விலைக்கு விற்றால் எனக்குச் சண்டையில்லை. ஒரு அளவு பெரிதாக வாங்கிக்கொள்ளலாம். "காப்பர்" என்று அச்சடித்து விற்பதுதான் திருட்டு.

கேட்டால் ஒரு வியாக்கியானம் வேறு: "கரண்ட் மேல்தோலில்தானே ஓடும், தோல் காப்பராக இருந்தால் போதாதா?" டிவி ஆன்டெனா ஒயரில் ஓடும் அதிர்வெண்ணுக்கு அது சரி. பாட்டுக்குச் சரிப்படாது. 20,000 ஹெர்ட்ஸில்கூடக் கரண்ட் அரை மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கும். 50 ஹெர்ட்ஸ் பேஸில் 9 மில்லிமீட்டர். உங்கள் ஒயரின் இழையோ கால் மில்லிமீட்டர்தான்.

வாங்கும் முன் ஒரு மீட்டர் வெட்டி வாங்கிப் பாருங்கள். இழையின் மேல் பிளேடால் சுரண்டினால் காப்பர் சிவப்பாகவே இருக்கும், சிசிஏ வெளுக்கும். லைட்டரில் ஒரு இழையைக் காட்டினால் காப்பர் சிவந்து நிற்கும், அலுமினியம் தொய்ந்துவிடும். பிளாஸ்டிக் உறையை உரித்துச் சமையலறை டிஜிட்டல் தராசில் போடுங்கள். ரெண்டரை ஸ்கொயர் இரட்டை ஒயர் ஒரு மீட்டருக்குக் காப்பர் 44 கிராம் வர வேண்டும். சிசிஏ 20 கிராமைத் தொடாது. இழையையும் எண்ணுங்கள்: 0.25 மி.மீ. இழை என்றால் ரெண்டரை ஸ்கொயருக்கு 50 வேண்டும். முப்பதுதான் இருந்தால் அது ஒன்றரை ஸ்கொயர். தடித்திருப்பது பிளாஸ்டிக் மட்டும்.

பில்லில் "காப்பர்" என்று இருக்கிறதல்லவா? உரித்த துண்டையும் தராசின் எண்ணையும் படம் எடுத்து, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் முத்திரை குத்தியிருந்தால் பயப்படாதீர்கள். பொய் சொல்லி விற்ற சரக்குக்கு அந்த வரி கவசம் ஆகாது. இந்த ஒயரை மறந்தும் வீட்டு வயரிங்குக்குப் போட்டுவிடாதீர்கள், சூடேறும்.

ரெக்கார்டு பிளேயர், ஊசி உள்ள கார்ட்ரிட்ஜ் எம்எம் (நகரும் காந்தம்) வகை. அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பெட்டி தூரத்தில் இருப்பதால் 3 மீட்டர் ஆர்சிஏ கேபிள் (பெட்டிகளை இணைக்கும் ஆடியோ ஒயர்) போட்டேன். அதிலிருந்து சத்தம் கூர்மையாகக் குத்துகிறது. கற்பனையா? – வாசகர், புதுச்சேரி

கற்பனை இல்லை. கேபிள் உண்மையிலேயே வித்தியாசம் காட்டும் அபூர்வமான இடம் இது. ஆர்சிஏ கேபிளின் கெபாசிடன்ஸ் (மின்தேக்குத்திறன்) மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்தாலும் 3 மீட்டருக்கு 300. அதோடு டோன்ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) ஒயரும் ஃபோனோ பெட்டியும் தம் பங்குக்குச் சேர்க்கும். பல கார்ட்ரிட்ஜுகள் கேட்பது மொத்தமே 100 முதல் 200. அது மீறினால் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் இருந்த ஒலி மேடு கீழே இறங்கிவந்து குத்தும். மருந்து மலிவு: பெட்டியைப் பிளேயர் பக்கம் நகர்த்தி முக்கால் மீட்டர் கேபிள் போடுங்கள். ஃபோனோ பெட்டியிலிருந்து ஆம்புக்கு எத்தனை மீட்டர் போனாலும் கவலையில்லை.

விலை கூடிய ஷீல்டு கேபிள் மாற்றியும் "ஹம்" (விடாத ரீங்காரம்) போகவில்லை. – வாசகர், நெல்லை

செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் எர்த் லூப்தான் (பெட்டிகள் இரண்டு வழியில் எர்த்தோடு சேர்வது) காரணம். அந்த ஒயரில் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஓர் ஐசோலேட்டர் மாட்டி, எல்லாப் பெட்டிகளையும் ஒரே பிளக் பாக்ஸில் சொருகுங்கள். எர்த் பின்னை ஒடிக்கச் சொல்லும் ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

நீங்கள் என்ன சொன்னாலும் என் காதுக்கு வித்தியாசம் தெரிகிறது, சார். – வாசகர், சேலம்

தெரியலாம். தங்க முலாம் ஆர்சிஏ ஒரு ஜோடிக்கு 4,200 ரூபாய் கொடுத்த எனக்கும் இரண்டு வாரம் தெரிந்தது. வால்யூமைத் தொடாமல், உங்கள் முதுகுக்குப் பின்னால் வேறொருவர் நாணயம் சுண்டி 16 முறை கேபிளை மாற்றட்டும். ஒவ்வொரு முறையும் எந்தக் கேபிள் என்று எழுதி வையுங்கள். 12 சரியாக வந்தால் எனக்கு எழுதுங்கள். என் பெட்டியில் கிடக்கும் அந்த ஜோடி உங்களுக்குத்தான்.