கேமிங் சிஸ்டம்: ஆன்லைனா, மதுரையா, ரிச்சி தெருவா?

கேள்வி: அண்ணா, என் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். கேமிங் சிஸ்டம் வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கேட்கிறான். மானிட்டர் இருக்கிறது, மற்றதற்கு 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். பாகம் பாகமாக வாங்கிப் பூட்ட எங்களுக்குத் தெரியாது. ஆன்லைனில் "ஐ7, 16 ஜிபி கேமிங் பிசி" 22,000-க்கே காட்டுகிறது. மதுரைக் கடையில் 58,000 சொல்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் இன்னும் குறையும் என்கிறான் தம்பியின் நண்பன். எங்கே வாங்கட்டும்?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: முதலில் அந்த 22,000 ரூபாய் பெட்டியை மறந்துவிடுங்கள் தங்கச்சி. திருமங்கலத்தில் என் அக்கா மகன் இதே மாதிரி ஒன்றை வாங்கினான். திறந்து பார்த்தால் உள்ளே ஐ7-3770, அதாவது 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை பிராசசர் (கம்ப்யூட்டரின் மூளை), கூடவே 2014 காலத்து ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டு (கேமின் படத்தைத் திரையில் காட்டும் பாகம்). ஐ7 என்று போட்டிருந்தார்கள், எந்தத் தலைமுறை ஐ7 என்பதை மட்டும் எங்கேயும் போடவில்லை. இன்டெல் பிராசசரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதில் ஒன்றிரண்டைத் தவிர எதற்கும் விண்டோஸ் 11 ஆதரவே கிடையாது, விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது. வாங்கிய அன்றைக்கே அது பழைய சாமான். பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெரிய கம்பெனிகளின் ரெடிமேட் சிஸ்டம் அப்படி ஏமாற்றாது, சில மாடல்களுக்கு வீட்டுக்கே வந்து சர்வீஸும் செய்வார்கள். ஆனால் உங்கள் தொகைக்குள் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டது கிடைப்பது சிரமம், அதோடு பல மாடல்களில் மதர்போர்டும் (எல்லாப் பாகமும் பூட்டும் பலகை) எஸ்எம்பிஎஸ்ஸும் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) அவர்கள் சொந்த அளவில் இருப்பதால் நாளைக்குத் தம்பி வேறு கார்டு மாற்ற நினைத்தால் தடுமாறுவான்.

ரிச்சி தெருவில் விலை குறையலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சென்னை 450 கிலோமீட்டருக்கு மேல். கிராபிக்ஸ் கார்டு கனமானது, பூட்டிய நிலையில் பஸ்ஸில் குலுங்கி வந்தால் அதைச் செருகியிருக்கும் ஸ்லாட்டே சேதமாகலாம், ஆறு மாதம் கழித்து ஏதாவது பழுதானால் யார் தூக்கிக்கொண்டு அலைவது? ஒன்றிரண்டாயிரம் மிச்சம் போய்வரும் செலவிலேயே கரைந்துவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மதுரையில்தான் வாங்குவேன், ஆரப்பாளையத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வீடு.

ஆனால் "58,000" என்ற ஒற்றை எண்ணை வைத்து வாங்காதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி பெயர், மாடல், விலை போட்டு கொட்டேஷன் எழுதித் தரச் சொல்லுங்கள், டவுன்ஹால் ரோடு பக்கம் இன்னும் இரண்டு கடையிலும் அதே போல வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்கிற கடை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3050 என்று எழுதியிருந்தால் 8 ஜிபியா 6 ஜிபியா என்று கேளுங்கள், 2024-இல் வந்த 6 ஜிபி கார்டு பெயர்தான் ஒன்று, வேகம் குறைவு. ரேம் 16 ஜிபி என்றால் ஒரே குச்சியாக இல்லாமல் 8, 8 என்று இரண்டாக இருக்கட்டும். கடைகள் காசு மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸில்தான்: வெறுமனே "450 வாட்ஸ்" என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள், கம்பெனி பெயரும் 80 பிளஸ் என்ற மின்திறன் முத்திரையும் வேண்டும், ஏனென்றால் மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம். அப்புறம் கேபினட், அதாவது எல்லாவற்றையும் வைக்கும் வெளிப்பெட்டி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தது அழகுதான், நம் ஊர் சித்திரை வெயிலில் காற்று போக வலை வைத்த முன்பக்கம்தான் சரி.

யூடியூபில் தம்பி பார்த்த பழைய விலைப் பட்டியலை வைத்துக் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ரொம்பவே ஏறிவிட்டது, கொட்டேஷன் இரண்டு நாளுக்குத்தான் என்று சொன்னாலும் அதில் நியாயம் இருக்கிறது.

முழுப் பணம் கொடுக்கும் முன் தம்பி விளையாடப்போகிற கேமையே அரைமணி நேரம் கடையில் ஓட்டிப் பாருங்கள். பில்லில் கார்டு, பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாவற்றின் சீரியல் எண்ணும் ஏறட்டும், காலி டப்பாக்களையும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்கிறாரே கடைக்காரர்?
- வாசகர், மேலூர்

பதில்: வேண்டாம். கார்டுக்கும் டப்பாவோடு வாங்கும் பிராசசருக்கும் பெரும்பாலும் மூன்று வருஷ வாரண்டி உண்டு, பில் இல்லாமல் அதைக் கேட்டு நிற்க முடியாது. பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. ஆன்லைனில் வெளியூர்க் கடையில் வாங்கியிருந்தாலும் இதே கதைதான்.