தமிழய்யா பதில்கள்: நெருப்பாலா, நெருப்போடா?

மன்னார்குடி வாசகி: ஐயா, கோடைப் பட்டத்தில் எடுத்த பருத்தியில் ஒரு மூட்டை திண்ணையிலேயே எரிந்துபோயிற்று. யாரோ போட்ட பீடி நெருப்பு. கல்லூரியில் தத்துவம் படிக்கும் என் மகனோ, "பஞ்சை எரிப்பது நெருப்பு இல்லை என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் எழுதியிருக்கிறார்" என்கிறான். கேலி செய்கிறானா?

பதில்: கேலி இல்லை அம்மா, பையன் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறான். அப்படி எழுதியவர் பாரசீகத்துத் தூஸ் நகரத்தின் இமாம் கஸ்ஸாலி. அவர் காலமான 1111இல் இங்கே முதலாம் குலோத்துங்கன் ஆட்சி. தத்துவவாதிகளை மறுத்து 1095இல் ஒரு நூல் முடித்தார். அதில் இருபது விவாதங்கள். பதினேழாவதில்தான் பஞ்சு வருகிறது.

நாற்பது வருஷம் வேற்றுமை உருபு நடத்தியவன் நான், என் வழியில் சொல்கிறேன். மூன்றாம் வேற்றுமைக்கு 'ஆல்' உருபு, 'ஓடு'வும் உருபு. ஆல் கருவியையும் கருத்தாவையும் காட்டும். ஓடு உடனிகழ்ச்சியைக் காட்டும். நெருப்பு தொட்டது, பஞ்சு எரிந்தது. இரண்டும் கூடவே நடந்ததைத்தான் கண் பார்த்தது. அதாவது 'ஓடு'. 'நெருப்பால்' என்கிறோமே, அந்த 'ஆல்' எந்தக் கண்ணுக்குத் தெரிந்தது? இதுதான் கஸ்ஸாலியின் கேள்வி. எரியச் செய்கிறவன் இறைவன், ஒவ்வொரு முறையும் அவனே. மாறாமல் நடப்பதைப் பார்த்துப் பழகியதால் நாம் நெருப்பின் மேல் போடுகிறோம் என்றார்.

அவர் சொல்லும் உதாரணம் ஒன்று எனக்கே நடந்தது. பிறவியிலேயே கண்ணில் படலம் மூடிய ஒருவனுக்குப் பகலில் படலம் விலகுகிறது. நிறங்கள் தெரிவதெல்லாம் கண் திறந்ததால்தான் என்று நினைக்கிறான். பொழுது சாய்ந்த பிறகுதான் சூரியனுக்கும் அதில் வேலை இருந்தது புரிகிறது. போன தை மாதம் எனக்குக் கண்புரை எடுத்தார்கள். கட்டைப் பிரித்ததும் என் வேட்டியின் வெள்ளையைப் பார்த்து மலைத்து, புது லென்ஸை அன்று முழுக்க மெச்சிக்கொண்டிருந்தேன். ராத்திரி கரண்ட் போயிற்று. மெச்சுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஸ்பெயினில் உள்ள கொர்தோபாவின் தத்துவவாதி இப்னு ருஷ்து (1126-1198) இதற்கு மறுப்பு எழுதினார். எரிக்கும் இயல்பை எடுத்துவிட்டால் நெருப்புக்கு நெருப்பு என்று பெயர் எதற்கு, அறிவு என்பதே காரணத்தைக் காண்பதுதானே என்று கேட்டார். நான் இவர் கட்சி. ஆனாலும் அந்த 'ஆல்' எங்கே தெரிந்தது என்று கஸ்ஸாலி திரும்பக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. எதற்கும் மூட்டையை இனி உள்ளே வையுங்கள்.

திருவாரூர் வாசகர்: சைவ சித்தாந்தத்தில் மாயை என்றால் பொய்த்தோற்றமா?

பதில்: இல்லை. அங்கே மாயை உள்பொருள், உலகத்துக்கு மூலச்சரக்கு. 13ஆம் நூற்றாண்டின் சிவஞான சித்தியார் என்ற சித்தாந்த நூல் குடத்தை வைத்து இதை விளக்குகிறது. மண் முதற்காரணம், அது மாயை; திரிகை துணைக்காரணம், அது சக்தி; குயவன் நிமித்த காரணம், அவன் இறைவன். மண்ணால், திரிகையால், குயவனால் என்று மூன்றுக்கும் ஒரே 'ஆல்'தான் போடுகிறோம் பாருங்கள்!

தாராசுரம் வாசகர்: சூளையில் சுடாத பச்சைப் பானை வெந்து சிவப்பாவதைப் பற்றிப் பழைய தர்க்கக்காரர்கள் சண்டை போட்டார்களாமே?

பதில்: நன்றாகவே போட்டார்கள். வைசேஷிகர், நையாயிகர் என்று இரண்டு தர்க்கப் பள்ளிகள். வைசேஷிகர் கட்சிக்குப் பீலுபாகம் என்று பெயர். பீலு என்றால் அணு, பாகம் என்றால் வேகுதல். சூட்டில் பானை அணு அணுவாகப் பிரிந்துவிடும், ஒவ்வொரு அணுவும் தனியே வெந்து நிறம் மாறும், பிறகு சேர்ந்து வேறொரு பானை உண்டாகும் என்பார்கள். நையாயிகர் கட்சி பிடரபாகம். பிடரம் என்றால் பானை. பானை முழுசாக இருந்தபடியே வேகும், சூடு அதன் நுண்துளைகள் வழியே உள்ளே போகும் என்பார்கள். நடுவில் பானை பிரிந்துபோனால் அதன் மேல் அடுக்கிய பானைகள் ஏன் சரியவில்லை என்பது அவர்கள் கேள்வி.

அரசலாற்றங்கரையில் குயவர் தெருவுக்கு அடுத்த தெரு எங்களுடையது. சின்ன வயதில் சூளைத் துவாரம் வழியாக எட்டிப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். அடுக்கு அப்படியே செக்கச் செவேலென்று நிற்கும். அதனால் என் ஓட்டு நையாயிகருக்கு. அதெல்லாம் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் நடக்கிறது என்று வைசேஷிகர் விடாமல் வாதாடுவார்கள். பழைய அணுக்கூட்டு அழிந்து புதுக்கூட்டில் நிறம் ஏற ஒன்பது கணம், பத்துக் கணம் என்று கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் அதற்கு ஒரு ராத்திரி முழுக்க ஆகும், மழைக்காலமென்றால் இன்னும் கூட.