பதின்வயதினருக்குக் கருத்தடை மாத்திரை: மகளிர் மருத்துவரிடம் கேட்டவை

பதின்வயதுப் பெண்களுக்கு மருத்துவர்கள் கருத்தடை மாத்திரை எழுதித் தரலாமா என்பது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஒரு தாய்: டாக்டர், என் மகளுக்கு 16 வயது. மாதவிடாய் வலியில் துடித்துப்போகிறாள். மருத்துவர் எழுதிக் கொடுத்தது கருத்தடை மாத்திரை என்று மருந்துக்கடையில்தான் தெரிந்தது. பயந்துபோய் வாங்காமலே வந்துவிட்டேன்.

நீங்கள் பயந்ததில் தப்பே இல்லைம்மா. விளக்காமல் எழுதிக் கொடுத்ததுதான் தப்பு. அந்தப் பெயர் மாத்திரையின் ஒரு வேலையை மட்டும் சொல்கிறது. அதிலுள்ள ஹார்மோன்கள் கருமுட்டை வெளியேறுவதை நிறுத்துகின்றன, கருப்பையின் உட்சுவர் தடிக்காமலும் பார்த்துக்கொள்கின்றன. உட்சுவர் மெலிந்தால் வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் குறையும், உதிரப்போக்கும் குறையும். வலிக்கு இபுப்ரூஃபன் போன்ற மாத்திரையை முதலில் கொடுத்துப் பார்ப்போம். அது கேட்காதபோது இது. அதிக உதிரப்போக்கு, நீர்க்கட்டிப் பிரச்சினை, அடங்காத முகப்பரு ஆகியவற்றுக்கும் இதே மாத்திரைதான். இன்னொன்று தெரியுமா? அமெரிக்காவில் 1957இல் இந்த வகை மாத்திரைக்கு முதலில் அனுமதி கிடைத்ததே மாதவிடாய்க் கோளாறுகளுக்காகத்தான். கருத்தடைக்கு அனுமதி வந்தது 1960இல். மருந்துச்சீட்டைப் பார்த்துப் பெண்ணின் நடத்தையை எடைபோடுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரு தந்தை: வலிக்கு என்றால் சரி. கருத்தடைக்கென்றே கேட்டு வரும் சின்னப் பெண்ணுக்கு எழுதித் தருவது, தப்புக்கு நாமே வழிகாட்டுவது ஆகாதா?

என்னிடம் கோபமாகவே கேட்கப்படும் கேள்வி இது. உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஒரு பெண் அத்தனை கூச்சத்தையும் விழுங்கிக்கொண்டு மருத்துவர் முன் வந்து உட்காருகிறாள் என்றால், பெரும்பாலும் அவள் முடிவெடுத்த பிறகுதான் வருகிறாள். சில நேரம் எல்லாம் நடந்து முடிந்த பிறகு. நான் திட்டி அனுப்பினால் அவள் முடிவு மாறுவதில்லை. இனி எந்த மருத்துவரிடமும் வாய் திறக்க மாட்டாள், அவ்வளவுதான்.

கேட்டவுடன் இரண்டு நிமிடத்தில் கிறுக்கிக் கொடுப்பதையும் நான் ஏற்கவில்லை. எழுதுவதற்கு முன்னால் கேட்கவேண்டியவை இருக்கின்றன. அந்த ஆள் யார், அவருக்கு என்ன வயது, இது உன் விருப்பமா, யாராவது வற்புறுத்துகிறார்களா, பணமோ பரிசோ கொடுக்கிறார்களா? கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் இதையெல்லாம் கேட்கவேண்டும். ஒருமுறை மாத்திரை கேட்டு வந்த ஒரு பெண்ணிடம் இப்படிப் பேசியபோதுதான், குடும்பத்துக்கு நெருக்கமான ஒரு பெரியவர் அவளைத் துன்புறுத்திவந்தது தெரிந்தது. அவளுக்கு அன்று தேவைப்பட்டது மாத்திரை இல்லை, பாதுகாப்பு. கதவை முகத்தில் சாத்தியிருந்தால் அது வெளியே வந்திருக்குமா?

அப்புறம், கர்ப்பத்தின் ஆபத்தையும் எடைபோடவேண்டும். உலக அளவில் 15 முதல் 19 வயதுப் பெண்களின் மரணத்துக்கான முக்கியக் காரணங்களில் கர்ப்ப, பிரசவச் சிக்கல்களும் உண்டு.

17 வயதுப் பெண்: அம்மாவுக்குத் தெரியாமல் மருத்துவரிடம் கேட்கலாமா மேடம்?

கேட்கலாம்மா. என்ன கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் ஒரு தாய் தொடுத்த வழக்கில் 1985இல் வந்த தீர்ப்பு, 16 வயதுக்குக் கீழே இருந்தாலும் விஷயத்தை முழுதாகப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மருத்துவர் தரலாம் என்றது. பெற்றோரிடம் சொல்லும்படி முதலில் அவளை இணங்கவைக்கப் பார்க்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. சில நாடுகளில் பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். சில இடங்களில் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அதனால் பேசத் தொடங்கும்போதே, "நான் சொல்வதில் எதை நீங்கள் வெளியே சொல்லவேண்டி வரும்?" என்று கேட்டுவிடு. நல்ல மருத்துவர் மழுப்பாமல் பதில் சொல்வார். அம்மாவிடம் முடியவில்லை என்றால் அக்கா, சித்தி என்று நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லி வை.

இன்னொரு தாய்: உடம்பு பெருத்துவிடுமாமே? பின்னால் குழந்தை தங்காதாமே?

மாத்திரையால் எடை கூடும் என்று ஆய்வுகளில் தெளிவாக நிரூபணமாகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியால் சிலருக்குக் கூடும். மாத்திரையை நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் விரைவிலேயே திரும்பிவிடும். ஊசிக்குப் பிறகு பல மாதங்கள் ஆகலாம்.

இளம் மருத்துவர்: யாருக்குக் கொடுக்கக்கூடாது?

வயது மட்டுமே தடை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் அதுதான். இரத்த அழுத்தம் பாருங்கள். பார்வையில் மின்னல்கோடுகள் தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி இருந்தாலோ, அவளுக்கு முன்பே இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி வந்திருந்தாலோ ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரை வேண்டாம். குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது இரத்தக்கட்டி வந்ததா என்றும் விசாரியுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிடாயின் எடுப்பவர்களுக்கு மாத்திரை பலிக்காமல் போகலாம். உள்பரிசோதனை தேவையில்லை, அந்தப் பயத்திலேயே பல பெண்கள் வருவதில்லை.

இரத்தக்கட்டி ஆபத்தை எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். ஓர் ஆண்டில் 10,000 பெண்களில், மாத்திரை எடுக்காதவர்களில் 1 முதல் 5 பேருக்கும், எடுப்பவர்களில் 3 முதல் 9 பேருக்கும், கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேருக்கும் வரலாம். மனநிலையையும் மறக்காதீர்கள். 2016இல் வெளியான டென்மார்க் ஆய்வில் ஹார்மோன் கருத்தடைக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு தெரிந்தது, பதின்வயதினரிடம் அது கூடுதலாக இருந்தது. மாத்திரைதான் காரணம் என்று அது நிறுவவில்லை. ஆனாலும் மூன்று மாதத்தில் திரும்ப வரச்சொல்லி, "தூக்கம் எப்படி, அழுகை வருகிறதா" என்று கேட்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

19 வயது இளைஞர்: அவள் மாத்திரை எடுத்தால் ஆணுறை எதற்கு?

பால்வினை நோயை மாத்திரை தடுக்காது, தம்பி. அதோடு, நடைமுறையில் மாத்திரை எடுக்கும் 100 பேரில் சுமார் 7 பேர் ஓராண்டுக்குள் கருவுறுகிறார்கள். முக்கியக் காரணம் மறதி. அதனால்தான் கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி, காப்பர் டி போன்ற மறதிக்கு இடமில்லாத முறைகளையும் பதின்வயதினருக்குச் சொல்கிறோம். எதுவானாலும் ஆணுறையும் வேண்டும். அந்தப் பொறுப்பு உன்னுடையது.

பெயர் சொல்லாதவர்: அவசர மாத்திரை இருக்கும்போது மற்றதெல்லாம் எதற்கு?

அவசர மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரலை உடலுறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். தள்ளிப்போட்டால் பலன் குறையும். அது கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே தங்கிய கருவைக் கலைக்காது. ஒவ்வொரு மாதமும் அதையே நம்பினால் வழக்கமான முறைகள் அளவுக்குப் பாதுகாப்பு கிடைக்காது, மாதவிடாயும் தாறுமாறாகும். எடுத்த பிறகு மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். நெகட்டிவ் வந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.