உடல் கிடைக்காத துக்கத்தில் செபிக்கக் கற்றது

"துன்பத்துக்கு மேல் துன்பம் வரும்போது செபிக்கவே வாய் வருவதில்லை. கிறிஸ்தவ விசுவாசத்தால் பலம் பெற்றதாகச் சொல்கிறவர்கள் அதை உண்மையில் எப்படிப் பெற்றீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாம்பனில் ஒரு கத்தோலிக்க மீனவக் குடும்பத்தில் பிறந்து, நீங்கள் சொல்லும் அதே நிலையில் மாதக்கணக்கில் இருந்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

2009 நவம்பரில், வாடைக்காற்று பலத்துவிட்ட நாள்களில், என் அப்பா வேறு மூவருடன் நாட்டுப்படகில் வடகடலுக்குப் போனார். படகு கவிழ்ந்தது. காலிக் கேன்களைப் பற்றிக்கொண்டு இரவெல்லாம் மிதந்த இருவரை மறுநாள் வேறொரு படகினர் தூக்கி வந்தார்கள். அப்பாவும் இன்னொருவரும் வரவில்லை. அவர்கள் உடல்களும் கரை ஒதுங்கவில்லை. எனக்கு அப்போது 19 வயது.

கடற்கரை ஊர்களுக்குச் சாவு புதிதன்று. ஆனால் உடல் கிடைக்காத சாவு வேறு. பிணம் வராத வீட்டில் ஒப்பாரி வைக்க அம்மா யாரையும் விடவில்லை, தாலியைக் கழற்றவில்லை, ஒவ்வொரு இரவும் ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்தார். சட்டமும் ஏறத்தாழ அம்மாவைப் போலவே நின்றது. ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாமல் இருந்தால்தான் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சட்டத்தின் பொது விதி என்பதால், இறப்புச் சான்றிதழ் வாங்குவதே எங்களுக்குப் பெரும்பாடாயிற்று.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பலரும், ஆண்டவர் தாம் நேசிப்பவர்களைத்தான் சோதிப்பார், அழாமல் விசுவாசத்தோடு இருங்கள் என்றார்கள். அன்பினால்தான் சொன்னார்கள். இருந்தாலும் அந்தச் சொல் எங்கள் வாயை அடைத்துவிட்டது. அழுதால் விசுவாசக் குறைவு என்றால், எனக்குள் இருந்த ஒரே உண்மையான பேச்சைக் கடவுளிடம் கொண்டுபோக வழியில்லை. செபமாலையின் 53 அருள்நிறை மரியேவையும் வாய் சொல்லி முடிக்கும். மனம் ஒன்றைக்கூடச் சொல்லாது. எங்கள் வீட்டில் இது இரண்டாம் தலைமுறை என்பதையும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது அங்கே உறவுகளை இழந்து உயிர் தப்பிய என் அம்மாச்சி, சாகும்வரை எந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் பலம் என்று அவரிடமிருந்து நாங்கள் கற்றிருந்தோம்.

மாற்றம் 2010 ஏப்ரலில், உயிர்ப்புப் பெருவிழாவை (ஈஸ்டரை) அடுத்த செவ்வாய்க்கிழமைத் திருப்பலியில் தொடங்கியது. அன்றைய வாசகம் யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில், மகதலா மரியா இயேசுவின் கல்லறைக்கு வெளியே நின்று அழும் பகுதி. ஏன் அழுகிறாய் என்று கேட்டவர்களிடம், என் ஆண்டவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே வைத்தார்களோ தெரியவில்லை என்கிறார் மரியா. பின்னால் நிற்பவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி, எங்கே வைத்தீர் என்று சொல்லும், நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறார். ஓர் ஆணின் உடலைத் தனியொருத்தி எப்படித் தூக்குவாள் என்று அவர் யோசிக்கவில்லை. அந்த இடத்தில் அம்மா என் மணிக்கட்டை இறுகப் பற்றினார். "இவளுந்தான் உடம்பத் தேடியிருக்கா" என்றார்.

சிறுவயது முதல் கேட்ட பகுதிதான். ஆனால் உயிர்த்த ஆண்டவர் முதலில் தேடி வந்தது, உடல் கிடைக்காமல் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அவர் மரியாவின் கண்ணீரைக் கடிந்துகொள்ளவில்லை, நடந்ததற்கு விளக்கமும் சொல்லவில்லை. பெயர் சொல்லி அழைத்தார்.

அதன் பிறகு எங்கள் பங்குச்சாமியாரிடம், செபிக்க முடியவில்லை என்பதை மறைக்காமல் சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லாமல், விவிலியத்தின் திருப்பாடல்கள் 13ஐயும் 88ஐயும் வாசிக்கச் சொன்னார். 13ஆம் பாடல் தொடக்கத்திலேயே, இன்னும் எவ்வளவு காலம் என்று ஆண்டவரை நான்கு முறை கேட்கிறது. ஆனாலும் நம்பிக்கையில் முடிகிறது. 88 அப்படியும் முடிவதில்லை. நன்றியோ புகழோ இல்லாமல் இருளில் நின்றுவிடுகிறது. ஆண்டவரைப் பார்த்து, உம் அலைகள் எல்லாவற்றாலும் என்னை வருத்துகிறீர் என்று குற்றம் சாட்டுகிறது. இதை யாரும் விவிலியத்திலிருந்து நீக்கவில்லை. உலகெங்கும் குருக்களும் துறவிகளும் வெள்ளிக்கிழமைதோறும் இரவு உறங்கப் போகும் முன் சொல்லும் திருப்புகழ்மாலைச் செபத்தில் திருச்சபை இந்தப் பாடலைத்தான் வைத்திருக்கிறது. முறையிடுவது செபத்துக்கு எதிரானதன்று, அதுவே செபம் என்று அப்போதுதான் விளங்கிற்று.

அம்மா அந்நாள்களில் கூலிக்கு வலை பொத்திக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியில் சுற்றிய நைலான் நூலால் அறுந்த கண்களை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வருவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து 88ஆம் பாடலை வாசிப்பேன். ஐந்தாறு இரவுகள் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள், அந்த அலைகள் வரும் வரியில் ஊசி நின்றது. வலையை முகத்தோடு அள்ளிக்கொண்டு அம்மா ஓவென்று அழுதார். அக்கம்பக்கத்திலிருந்து, பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் எங்கள் அன்பியத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஆறு மாதமாக வைக்காத ஒப்பாரியை விடியும்வரை வைத்தார்கள். மறுநாள் இரவு அம்மா சோற்றை மூடி வைக்கவில்லை. அந்த வாரமே தாமாகப் போய், அப்பாவின் பெயரைச் சொல்லி இறந்தோர் திருப்பலிக்கு எழுதிக் கொடுத்தார்.

எங்கள் மேல் இருந்த கடன் மட்டும் அப்படியே இருந்தது. அதை அடைக்க எங்களுக்கு 8 ஆண்டுகள் ஆயின. தம்மை வருத்திய முள்ளை நீக்கும்படி தூய பவுல் மூன்று முறை மன்றாடியும் அது நீங்கவில்லை, அருள் போதும் என்ற பதிலே வந்தது என்பதை நான் இப்போது ஏமாற்றமில்லாமல் வாசிக்கிறேன். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், எங்களுக்குச் சுத்தம் செய்யக் கல்லறை கிடையாது. கடற்கரை மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, காற்று அணைக்காதபடி மெழுகுவர்த்தியை அதற்குள் நிறுத்துகிறோம்.

உங்களுக்கு நேர்ந்தது என்னவென்று நீங்கள் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. இன்றிரவு திருப்பாடல் 88ஐ வாய்விட்டு வாசியுங்கள். இறுதியில் இன்னொரு வரியைச் சேர்த்து அதை ஆறுதலாக முடிக்க முயல வேண்டாம். உங்களால் வாசிக்க முடியாவிட்டால், வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் நான்தான் வாசித்தேன்.